அம்மா உப்பை விட்டாள்

ஜெனோவா துறைமுகத்தில், கப்பல் ஏறுவதற்கு முன்னால், எங்களை ஒரு தகரக் கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர வந்தவர்கள் பதினேழு பேர். ஆளுக்கு ஒரு பெட்டி. வெளியே தூறல். ஏப்ரல் மாதத்தில் அப்படி ஒரு குளிரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. காஞ்சிபுரத்தில் ஏப்ரல் என்றால் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும்.

கொட்டகை வாசலுக்கு எதிரே கப்பல் நின்றது. எனக்கு முதலில் அது கப்பல் என்றே படவில்லை. தெருவை அடைத்துக்கொண்டு யாரோ வெள்ளையடித்த சுவர் எழுப்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அண்ணாந்து பார்த்தபோதுதான் அந்தச் சுவருக்கு மாடிமாடியாக ஜன்னல்கள் இருப்பது தெரிந்தது.

வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பாஸ்போர்ட்டை வாங்கி ஒரு இரும்புப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு அட்டையைக் கொடுத்தார். ‘தன்யகுமார்’ என்ற என் பெயரை மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு விரலைக் காட்டி அழைத்தார். அட்டையில் பெயர், படுக்கும் அறையின் எண், அதற்குக் கீழே வேலை செய்யும் பிரிவு.

‘புட்சர் ஷாப்’ என்று இருந்தது. கப்பலின் இறைச்சி வெட்டும் பிரிவு.

எனக்கு ஆங்கிலம் படிக்க வரும். ஆனாலும் இரண்டாவது தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

“சார், ஐ ஆம் வெஜிடபிள்” என்றேன். காய்கறிப் பிரிவு என்று சொல்ல வந்தவன், பதற்றத்தில் நானே காய்கறி என்று சொல்லிவிட்டேன். கொட்டகை முழுக்கச் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். “நாளைக்குக் காலையில் ஆறு மணிக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.

அப்போதே திரும்பியிருக்கலாமே என்று இப்போது கேட்பது சுலபம். பாஸ்போர்ட் அவர் பெட்டிக்குள் இருந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையோடு நடந்தேன்.

ஐந்து நாளுக்கு முன்னால்தான், எங்கள் ஊர்ச் சமணக் கோயிலில் வர்த்தமானர் முன்னால் நின்று, திரும்பி வரும்வரை ஊனைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

ஆரணி வாசகருக்கு

இரண்டு வாரத்துக்கு முன்னால், நான் கேட்டரிங் படித்த கதையை இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். ஆரணியிலிருந்து ஒரு வாசகர், “திருப்பருத்திக்குன்றத்து நயினார் வீட்டுப் பிள்ளை அங்கே போய் என்ன ஐயா செய்தீர்?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். அவரும் சமணர் என்று கையெழுத்திட்ட பெயரிலேயே தெரிகிறது. கேள்வி நியாயமானது.

நயினார் என்றால் தமிழ்ச் சமணர். நாங்கள் புலால் உண்ணாதது மட்டும் இல்லை. பொழுது சாய்ந்தபின் சாப்பாடே கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபங்களில் ராத்திரி ஏழு மணிக்கு வரவேற்பு வைப்பார்கள். நாங்கள் ஐந்தரைக்கே வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய், மொய் எழுதிவிட்டு, பாயசத்தைப் பார்த்துவிட்டு வருவோம். “நயினார் வீட்டு ஆளுங்க வந்தா பந்திக்கு லாபம்” என்று எங்களை வைத்தே கேலி பேசுவார்கள்.

அப்படிப்பட்டவன் கேட்டரிங் வகுப்பில் தப்பித்தது அன்வரால். பெரிய காஞ்சிபுரத்தில் தையல் கடை வைத்திருந்தவர் வீட்டுப் பையன், என் மேஜைக்கூட்டாளி. முதல் நாளே என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ வெங்காயத்த உரி, நான் கோழியப் பாத்துக்கறேன்” என்றான். மூன்று வருஷமும் அதுதான் ஏற்பாடு. வாத்தியார் பக்கத்தில் வந்தால் கத்தியைக் கை மாற்றுவோம். அன்வர் வெங்காயமே உரிக்காமல் பாஸ் ஆனான், நான் கோழியே தொடாமல் பாஸ் ஆனேன்.

அதனால் எனக்கு ஒரு அசட்டுத் தைரியம் வந்துவிட்டது. உலகத்தில் எங்கே போனாலும் வெங்காயத்துக்குப் பயந்த ஒருத்தன் இருப்பான், மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கப்பல் வேலைக்கு ஆள் எடுத்த சென்னை ஏஜெண்டும், “நம்ம பசங்களுக்கு எல்லாம் காய்கறிதாம்பா குடுப்பாங்க, போயேன்” என்றார். கையில் வந்த கடிதத்தில் சமையல்கட்டு உதவியாள் என்று மட்டும் இருந்தது. எந்தப் பிரிவு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயத்தில் கேட்கவில்லை. இதை நான் யார் தலையிலும் கட்ட முடியாது.

அப்பாவின் அரை டிக்கெட்

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்தார். பொய் பேசாதவர் என்று பலரைச் சொல்வார்கள். என் அப்பா அதை ஒரு நோய் மாதிரி வைத்திருந்தார்.

எனக்கு அரை டிக்கெட் வயது தாண்டிய மறுநாள், உத்திரமேரூர் பஸ்ஸில் கண்டக்டர் அரை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அப்பா அவரைக் கூப்பிட்டார். “முழு டிக்கெட்டா குடுங்க. நேத்தோட வயசு தாண்டிடுச்சி.”

“நேத்துதானே சார், பரவால்ல வுடுங்க” என்றார் கண்டக்டர்.

“நேத்து நேத்துதான். இன்னிக்கு இன்னிக்குதான்” என்றார் அப்பா.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. அம்மா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அப்பாவின் அந்தப் பைத்தியத்தின்மேல் பெருமைதான். எங்கள் வீட்டில் ஒருத்தர் சொன்னால் அது நடந்தது என்று அர்த்தம். யாரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை.

வர்த்தமானர் முன்னால்

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முதல் நாள், அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா அங்கன்வாடியில் சமையல் வேலை பார்த்தாள். குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, கையில் சாம்பார் வாசனையோடு அப்படியே வந்துவிட்டாள். மத்தியான வெயில். கோயிலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கல்தரை காலுக்குச் சில்லென்று இருந்தது.

“கப்பல்ல ஊனு இருக்கும், அது எனக்குத் தெரியும்” என்றாள். “நீ துன்னுவன்னு நான் நினைக்கல. தொடாம இருப்பியா?”

“காய்கறிப் பிரிவும்மா. நான் எங்க அதத் தொடப்போறேன்?”

“அப்பன்னா இங்க சொல்லு.”

சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அம்மா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: “நீ ஒருத்தனா ஒரு நோன்ப சுமந்துக்கினு போவ வேணாம். நான் உப்ப விடறேன். உன் நோன்பு முடியற அன்னிக்கு என்னுதும் முடியும்.”

எங்கள் பெண்கள் நோன்பு நாட்களில் உப்பு, நெய், பால், தயிர் என்று ருசியில் ஏதாவது ஒன்றை விடுவார்கள். எட்டு நாள், பத்து நாள். அது வழக்கம்தான். ஆனால் என் வேலை ஆறு மாதம். ஐரோப்பாவில் கோடை தொடங்கிக் குளிர் வரும்வரை அந்தக் கப்பல் ஓடும், அதுவரை எனக்கு வேலை. ஆறு மாதம் யாரும் உப்பை விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

“இன்னாமா இது? உனக்கு ஏற்கெனவே தலை சுத்துது, பிரஷர் கம்மின்னு டாக்டர் சொல்லிக்கினே இருக்காரு.”

“என் உடம்பு எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. ஏதோ ஒரு நிலைமை, உன்னால முடியல, தொட்டுட்டன்னு வச்சிக்கோ. சொல்லிடு. நான் திட்ட மாட்டேன். அன்னிக்கே ஒரு கல்லு உப்ப வாயில போட்டு நானும் முடிச்சிக்கறேன். சொல்லாம மட்டும் இருந்துடாத பா.”

சரி என்று தலையாட்டினேன். அதைவிடச் சுலபமான நிபந்தனையை எந்தத் தாயும் போட்டிருக்க மாட்டாள்.

சாயாத பொழுது

மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கே சோறு போட்டாள். எனக்கு உப்புப் போட்டது, அவளுக்குப் போடாதது, இரண்டு பாத்திரம். அவள் பாத்திரத்தில் இருந்த பருப்பை நான் ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்தேன். வாயில் மண்ணை வைத்த மாதிரி இருந்தது. “சீ, இதப் போய் எப்படி துன்ற?” என்றேன். “ரெண்டு நாள்ல பழகிடும்” என்றாள்.

அப்பா பஸ் ஏற்றிவிட வந்தார். பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, “எழுது” என்று மட்டும் சொன்னார். சென்னை, பிறகு பம்பாய், அங்கிருந்து மிலான் நகருக்கு விமானம், அங்கிருந்து ஜெனோவாவுக்குக் கம்பெனி பஸ்.

பம்பாயிலிருந்து பகலில் கிளம்பிய விமானம் மேற்கே போய்க்கொண்டே இருந்தது. என் கைக்கடிகாரத்தில் ராத்திரி எட்டு மணி. சாப்பாட்டுத் தட்டு வந்தது. வெளியே பார்த்தால் நல்ல வெயில். சாப்பிடலாமா, கூடாதா? எங்கள் பெரியவர்கள் யாரும் சூரியனைத் துரத்திக்கொண்டு போனதில்லை, அதனால் இதற்குச் சட்டம் எதுவும் சொல்லி வைக்கவில்லை. வெயில் இருக்கிறவரை குற்றமில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லி, ரொட்டியையும் பழத்தையும் மட்டும் எடுத்துத் தின்றேன். இதைக்கூட யோசித்துச் செய்கிறோமே என்று எனக்கு என்னைப் பற்றி உயர்வாகத்தான் இருந்தது. மறுநாள் அந்த அட்டை கைக்கு வந்தது.

வெங்காயம் வேறு மாடியில்

இறைச்சிப் பிரிவு கப்பலின் அடிவயிற்றில், கடல்மட்டத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. குளிரில் மூக்கு மரத்துப்போகும், ஆனாலும் அந்த வாடை மட்டும் உள்ளே வந்துவிடும். பச்சை ரத்தமும் குளோரின் தண்ணீரும் கலந்த வாடை.

அங்கே எனக்குமேல் இருந்தவர் கொச்சிக்காரர், ஜோஸ் என்று பெயர். பல வருஷம் சென்னையில் இருந்தவர், தமிழ் பேசுவார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அண்ணா, பாத்திரம் எல்லாம் நானே கழுவறேன். தரை தேய்க்கறேன். வெங்காயம் எத்தன மூட்டை இருந்தாலும் உரிக்கறேன். இத மட்டும் நீங்க பாத்துக்குங்க” என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “மோனே, வெங்காயம் வேற மாடியில. அதுக்கு வேற ஆளுங்க. இங்க இதான்.”

காய்கறிக்கு மாற்றச் சொல்லித் தலைமைச் சமையல்காரரிடம் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இடம் இல்லை, அடுத்த சீசனில் பார்க்கலாம் என்றார் சமையல்காரர். பேச்சு அரை நிமிஷத்தில் முடிந்தது.

திரும்பி வந்தோம். கோழிப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. “ஆயிரம் பேருக்கு மத்தியானம் சோறு போகணும்” என்றார் ஜோஸ். “நீ எடுக்கலேன்னா உன் வேலையும் நான் செய்யணும். எனக்கு நடுவு போச்சு, முடியாது.” முதுகைத் தொட்டுக் காட்டினார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்திருப்பேனோ என்னவோ.

இடதுகையில் இரும்பு வலை உறை, வலதுகையில் ரப்பர் உறை. நமஸ்கார மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அதை அந்த இடத்தில் சொல்லக்கூடாது என்று தோன்றியது. கையைப் பெட்டிக்குள் விட்டேன். உறையைத் தாண்டியும் அந்தக் குளிர்ச்சியும் வழவழப்பும் தெரிந்தன. அழுதேன். ஜோஸ் பார்க்காத மாதிரி கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

என்னை இன்றுவரை உறுத்துவது அந்த அழுகை இல்லை. நான்காவது நாள் என் கை வேகம் பிடித்துவிட்டது. “நல்ல கை மோனே உனக்கு” என்றார் ஜோஸ். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

ஞாயிற்றுக்கிழமைதோறும் கப்பல் ஜெனோவாவுக்குத் திரும்பும். துறைமுக வாசலில் டெலிபோன் கார்டு வாங்கிப் பேசலாம். எங்கள் வீட்டில் போன் இல்லை. மத்தியானம் இரண்டரைக்கு அம்மாவும் அப்பாவும் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து காத்திருப்பார்கள், நான் கூப்பிட வேண்டும் என்று பேசிவைத்திருந்தோம்.

முதல் தடவை பேசப் போகும்போது, வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். உறை போட்டுக்கொண்டுதான் தொட்டேன், கையால் தொடவில்லை என்று ஒரு வக்கீல் பதில்கூடத் தயார் செய்தேன். அரை டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தவர் வீட்டில் அது செல்லுபடியாகாது என்று நானே தள்ளிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

“தொட்டியா பா?” என்றாள் அம்மா. எடுத்ததும் அதுதான்.

“இல்லமா” என்றேன்.

அவள் குரல் அவ்வளவு ஆசையாக இருந்தது. நான் கோழை. அவ்வளவுதான்.

“எனக்குத் தெரியும்” என்று சிரித்தாள். “நான் இன்னும் உப்பு போட்டுக்கல. சாம்பார்ல உப்பு பாக்க முடியல, அதான் கஷ்டம். பசங்களையே கேக்கறேன், போதுமாடான்னு. அதுங்களுக்கு ஒரே குஷி.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் கேட்பாள், நான் இல்லை என்பேன். இரண்டாவது தடவை சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது. ஐந்தாவது தடவை சுலபமாக வந்தது.

இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மா அந்த ஆறு மாதத்தையும் கடந்தாள். ஆனால் பழைய ஆளாகத் திரும்பவில்லை. மயங்கி விழுந்தபோது அடிபட்ட இடுப்பு சரியாகவே இல்லை, கடைசிவரை சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். விழுந்தது கத்திரி வெயில் முடிகிற சமயம். அந்த ஞாயிறு போனை எடுத்தது அப்பா.

“உங்கம்மா அங்கன்வாடியில மயக்கம் போட்டு விழுந்துட்டா, இடுப்புல அடி. ஆஸ்பத்திரில மூணு நாள் வச்சிருந்தாங்க. ரத்தத்துல உப்பே இல்லன்றாரு டாக்டர். இனிமே உப்பு சேக்கலன்னா உயிருக்கே ஆபத்துன்னு என்னாண்ட தனியா சொன்னாரு.”

“சேத்துக்கச் சொல்லுங்கப்பா!”

“சொல்லாம இருப்பனா? பையன் நோன்பு முடியட்டும்றா. இப்பகூட வரவேணான்னு சொன்னேன், கேக்கல. ஆட்டோவுல ஏத்திக்கினு வந்தேன். வெளிய உக்காந்திருக்கா.” குரலைத் தாழ்த்தினார். “டேய், நான் ஒண்ணு சொல்றேன், செய்யி. தொட்டுட்டேன்னு சொல்லிடு அவகிட்ட. பொய்தான். அந்தப் பாவம் என்னுதா இருந்துட்டுப் போவுது.”

அது பொய் இல்லை அப்பா என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். “சரிப்பா” என்றேன்.

அம்மா வந்து வாங்கினாள். மூச்சு வாங்கியது.

“அம்மா, நான் தொட்டுட்டேன்மா.”

“எப்ப?” என்றாள்.

“மொத நாளே. அவங்க எனக்குக் குடுத்ததே கறி வெட்ற எடம்மா. தினமும் அதான் செய்யறேன். உன்கிட்ட இத்தன நாள் பொய் சொன்னேன்.”

“உங்கப்பா சொல்லச் சொன்னாரா?”

சொல்லச் சொன்னது அவர்தானே. “சொன்னாரு. ஆனா நெஜமாவே...”

“பாத்தியா” என்றாள். குரலில் அத்தனை நிம்மதி. “ரெண்டு பேரும் எனக்காவ இப்படி ஆயிட்டீங்களே. அவரு வாயில பொய் வந்துடுச்சி, அதுவே எனக்குப் போதும். நீ வேற பேசாத. எனக்கு ஒண்ணும் ஆவாது. நீ நோன்ப விட்டுடாத கண்ணு.”

“அம்மா, நெஜம்மா! கோழி, ஆடு, மாடு எல்லாத்தையும் தொட்டுட்டேன்மா! இந்தக் கையாலதான்! உப்பு போட்டுக்கோமா!” துறைமுக வாசலில் நின்று தமிழில் கத்தினேன். கார்டு வாங்க வரிசையில் நின்றவர்கள் நகர்ந்து நின்றார்கள்.

“போதும்டா” என்றது போன். அப்பாவின் குரல். “அவ எழுந்து போயிட்டா. நீ நல்லாத்தான் சொன்ன. அவதான் நம்பல.”